செயினுக்கு எண்ணெய் விட ஷோரூம் வராது

பைக்கின் கடைசி ஃப்ரீ சர்வீஸ் முடிந்து பில் கட்டப் போகும்போதுதான் அந்தத் தாளை நீட்டுவார்கள். "ஏஎம்சி போட்டுடுங்க சார், வருஷம் பூரா லேபர் கவலை இல்ல." ஏஎம்சி என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிடுகிறார்கள். ஆட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளில் எதை விற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் படிக்க வேண்டும்.

விற்பது கூலி. வருஷத்துக்கு மூன்றோ நான்கோ சர்வீஸ் என்று எண்ணி, அதற்கான லேபரை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த லேபர் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்ஜின் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ, கேஸ்கெட் எல்லாம் பெரும்பாலான திட்டங்களில் தனிக் காசு. ஃப்ரீ சர்வீஸிலும் இதேதான் நடந்தது, கூலி மட்டும்தான் ஃப்ரீ. சில திட்டங்களில் ஆயிலையும் சேர்த்திருப்பார்கள், அதற்குக் கணக்கு வேறு. அதனால் முதல் கேள்வி, "ஆயில் இதுல உண்டா?" இரண்டாவது கேள்வி, "வேற ஊர் டீலர்கிட்ட இது செல்லுமா?"

இரண்டாவது கேள்வி நம் பக்கத்தில் முக்கியம். வண்டியைப் பாண்டியில் எடுத்துவிட்டு கடலூரில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நின்று எண்ணினால் டிஎன் 31 என்ற கடலூர் வண்டிகளுக்கு நடுவில் பிஒய் 01 என்ற பாண்டி வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். விற்ற டீலரிடம் மட்டும் செல்லும் திட்டம் என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் போக வர ஐம்பது கிலோமீட்டர், அரை நாள் வேலை போச்சு. திரும்பி வரும்போது பாண்டி எல்லையிலுள்ள முள்ளோடையில் மலிவாகப் பெட்ரோல் நிரப்பலாம், அது ஒன்றுதான் லாபம்.

இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி, கடற்கரை ஊரில் ஏஎம்சி கைகொடுக்காததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சர்வீஸ் அட்டவணை கிலோமீட்டரை வைத்துப் போட்டது. நம் ஊரில் வண்டியைத் தின்பது கிலோமீட்டர் அல்ல, உப்பு. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ இரவெல்லாம் வாசலில் நிற்கிற வண்டி, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே துருப்பிடிக்கும். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் காயவே காயாது. துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி கட்டி ஓட்டும் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத் தண்ணீர் நேராகச் செயின், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பின் ஆக்சில், ஷாக் அப்சார்பர் அடிப்பக்கம் என்று இறங்கும். வருஷத்துக்கு நாலு தடவை ஷோரூமுக்குப் போகிற வண்டிக்குச் செயின் கவனிப்பு பத்து நாளைக்கு ஒரு தடவை வேண்டும். அதை எந்தத் திட்டமும் செய்து தராது. திட்டம் வாங்கினாலும் அந்த வேலை உங்கள் தலையில்தான் இருக்கிறது.

வாரன்டி பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிக் கையேடுகளில் பொதுவாக, அட்டவணைப்படி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் செய்திருந்தால்தான் வாரன்டி என்று எழுதியிருக்கும். அதனால் வாரன்டி முடியும்வரை அட்டவணை சர்வீஸ்களுக்குப் போய் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஏஎம்சி கட்டாயமில்லை, போகும்போது காசு கொடுத்தாலே போதும். நடுவில் செயின், பிரேக் அட்ஜஸ்ட், காற்று, பேட்டரி முனை போன்றவற்றை வீட்டில் செய்தால் வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது.

<b>செயின்</b>

வெளியே தெரியும் செயினானால் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்று இரவே. ஸ்ப்ளெண்டர் மாதிரி முழு கவர் உள்ள வண்டியில் செயின் கண்ணில் படாததால் மனசிலும் படாது. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைப் பிடுங்கி எட்டிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் தெரிந்தால் அது துரு.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், இன்ஜின் ஆஃப். இன்ஜினை ஓடவிட்டு கியர் போட்டு, சுழலும் செயினில் துணியை வைத்துத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட் என்ற பல் சக்கரத்துக்குள் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் அழுக்கை எடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் சாதாரணச் செயினுக்கு டீசல் போதும். ஓ-ரிங் செயினானால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கூடாது, உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், ரோலரும் தகடும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உள்பக்கம் விட்டால் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக ஊடுருவும். வெளியில் பூசினால் பேன்ட்டில்தான் தெறிக்கும். இரவு விட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றுவது பழைய பழக்கம். அதில் கார்பனும் உலோகத் தூளும் மிதக்கின்றன, செயினைத் தேய்க்கத்தான் உதவும்.

தளர்வு, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் அளவு. பல கம்யூட்டர் வண்டிகளுக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் பக்கம். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டிலோ ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் அளந்து, மிகவும் டைட்டாக இருக்கும் இடத்தை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். சத்தம் போகட்டும் என்று இறுக்கி வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் எழும்பி செயின் இன்னும் இழுபடும். அந்த இழுப்பைக் கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் பேரிங்தான் தாங்க வேண்டும். லூஸ் செயின் சத்தம் போடும், டைட் செயின் பேரிங்கைக் கொல்லும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் செயின் பக்கம் ஸ்லீவ் நட்டு ஒன்று கூடுதலாக உண்டு, அதைத் தளர்த்த மறந்தால் சக்கரம் நகராது. பிறகு இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்பி, இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முந்தினால் சக்கரம் சாய்ந்து ஓடும், ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகத் தேயும். ஆக்சிலை இறுக்கியபின் தளர்வை மறுபடி அளங்கள், இறுக்கும்போது மாறியிருக்கும். பின் பிரேக்கையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். சக்கரம் பின்னுக்குப் போனதால் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. செயினை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிடும், செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்ந்த கிட்டாகத்தான் மாற்ற வேண்டும். செயினின் இணைப்பைப் பூட்டும் லாக் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் செயினில் அது முன்பக்கம். திருப்பி மாட்டினால் ஏதாவது தட்டிக் கிளிப் கழன்று, ஈசிஆரில் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

<b>ஆயில்</b>

பாட்டிலில் இரண்டு விஷயம் பாருங்கள்: கையேட்டில் சொன்ன கிரேடு, ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தின் எழுத்து. கியர் வண்டிகளின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்வதால் எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். ஸ்கூட்டருக்கு எம்பி. கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், அதிலுள்ள வழுக்கும் சேர்மானத்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகும்: ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

அளவில் ஒரு கண்ணி உண்டு. கையேட்டில் இரண்டு எண் போட்டிருப்பார்கள், வடித்துவிட்டு ஊற்றும் அளவு ஒன்று, இன்ஜினைப் பிரித்துப் பூட்டும்போது ஊற்றும் அளவு ஒன்று. உங்களுக்கு வேண்டியது சின்ன எண். 100 சிசி வண்டிகளில் அது பொதுவாக 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டருக்குள் வரும். "பாட்டில் மிச்சம் வெச்சு என்ன பண்றது" என்று கவிழ்த்தால் ஓவர். அதிகமான ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறி ஃபில்டரைக் கெடுக்கும்.

இன்ஜினை மூன்று நான்கு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு இறங்கும்; கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். ட்ரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ போடுங்கள், ஓப்பன் எண்ட் போட்டால் முனை உருளும். பத்து நிமிஷம் வடியட்டும், சாவி ஆஃபில் இரண்டு மூன்று கிக் அடித்தால் மிச்சமும் வரும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான். போல்ட்டை முதலில் விரலாலேயே முழுவதும் ஏற்றி, உட்கார்ந்தபின் ஸ்பேனரில் ஏறக்குறைய கால் சுற்று. அந்த மரை அலுமினியத்தில் வெட்டியது. வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் வண்டியைக் கெடுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: நீளமான பிடியில் முழு பலத்தையும் போட்டு மரையைக் கிழித்துவிட்டு, லேத்தில் ஹெலிகாயில் (மரைக்குள் செருகும் கம்பிச் சுருள்) போட அலைவது.

ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, சில நிமிஷம் பொறுத்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் ஆயில் அளக்கும் குச்சியைத் திருகாமல் வெறுமனே உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் குச்சி கூடுதலாக இறங்கி ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும். ஆயில் மட்டம் தெரியும் கண்ணாடி வைத்த வண்டிகளில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் போதும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது உப்பனாறு வழியாகக் கடலுக்குத்தான் போகும். கேனில் அடைத்துப் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவர்கள் சேர்த்து வைத்து விற்கிறார்கள்.

பல 100 சிசி இன்ஜின்களில் வலப்பக்க கவருக்குள் சுழல் ஃபில்டர் ஒன்றும் சல்லடை ஒன்றும் இருக்கும். கவரைத் திறந்தால் கேஸ்கெட் மாற்ற வேண்டும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

<b>மற்றவை</b>

ட்ரம் பிரேக் பெடலுக்கு பிரேக் பிடிக்கும் முன் சும்மா இறங்க 20 முதல் 30 மில்லிமீட்டர் இடம் விட்டு, பின்னாலிருக்கும் நட்டைத் திருகி வைப்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஊரில் வரும் தொல்லை வேறு: ஐப்பசி மழைக்குப் பிறகு பிரேக் அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விடாது. உள்ளே ஷூவை விரிக்கும் கேம் தண்டு உப்பிலும் ஈரத்திலும் துருவேறி இறுகியிருக்கும். மைலேஜ் குறைகிறது, பின் ட்ரம் தொட்டால் சுடுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சக்கரத்தைக் கழற்றி, கேமை உருவி, உப்புத்தாளால் தேய்த்து, துளி கிரீஸ் வைத்தால் தீர்ந்தது. துளி என்றால் துளிதான், ஷூவில் வழிந்தால் பிரேக்கே இருக்காது. ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் ராட் இழுக்கும் கையிலிருக்கும் அம்பு, ட்ரம் பிளேட்டிலிருக்கும் குறியைத் தொட்டுவிட்டால் அட்ஜஸ்ட் செய்துகொண்டே போகாதீர்கள், ஷூ மாற்றுங்கள்.

பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கழற்றுங்கள், மாட்டும்போது கையால் ஏற்றுங்கள். முனை இளம் பழுப்பானால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும், பிளக் மாற்றித் தீராது.

ஏர் ஃபில்டரில் எண்ணெய் தோய்த்த காகித வகையைக் கம்ப்ரஸரில் ஊதினால் வீண், மாற்றத்தான் வேண்டும். உலர்ந்த காகிதத்தை உள்ளிருந்து வெளியே ஊதலாம்.

பேட்டரி முனையில் பச்சை பூத்தால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சுடுநீரில் துடைத்து, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி, வாசலின் பூசுங்கள். பச்சை அங்கே மட்டும் இருக்காது. சேஸிஸில் எர்த் வயர் போல்ட் செய்த இடத்தையும் சுரண்டிப் பாருங்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்று பேட்டரியை மாற்றிய பிறகும் எடுக்காத வண்டிகளில் பலவற்றின் கோளாறு இந்த எர்த்தில்தான் இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைப் பூசிய மாதிரி. துடைத்தே ஆக வேண்டும். வாட்டர் வாஷ் ஜெட்டை வீல் பேரிங்கிலும், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட்டிலும் நேராகக் காட்ட விடாதீர்கள்.

ஏபிஎஸ் பிரேக்கில் காற்று எடுப்பது, 2020க்குப் பிந்தைய பிஎஸ் 6 இன்ஜெக்ஷன் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிவது, ஃபோர்க் ஆயில் சீல், கோன் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் ஷோரூமுக்கோ நல்ல மெக்கானிக்குக்கோ போகட்டும். ஸ்கேனர் இல்லாமல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பண விரயம்.

போகும்போது ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். "குளிர்ந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆக மூன்று தடவை செல்ஃப் தேவை" என்று கோளாறை எழுத வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கையில் நேரமே இல்லாதவர், அபார்ட்மென்டில் வண்டி நிறுத்தி ஒரு ஸ்பேனர் போட இடமில்லாதவர், வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்: இவர்களுக்கு ஏஎம்சி நஷ்டமில்லை, அதுவும் டீலர் பக்கத்துத் தெருவில் இருந்தால். வருஷம் ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டுகிறவர் நாலு சர்வீஸுக்குக் காசு கட்டிவிட்டு இரண்டுக்குத்தான் போவார். அந்தப் பணத்தில் பாதிக்கு டபாரியா ஸ்பேனர் செட் ஒன்றும் காற்று அளக்கும் கேஜ் ஒன்றும் வந்துவிடும்.

<b>வெள்ளத்தில் நின்ற வண்டி</b>

இது எந்த சர்வீஸ் திட்டத்திலும் வராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை ஆறு கடலூர்ப் பக்கம் புகுந்தது. அன்று இன்ஜின் போன வண்டிகளைவிட, மறுநாள் காலையில் செல்ஃப் அடித்ததால் போனவை அதிகம் இருந்திருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் எழும்பினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும்.

தண்ணீர் சைலன்ஸரைத் தாண்டியிருந்தால் சாவியே போடாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே தண்ணீர் என்றால் சிலிண்டரிலும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக் அடித்தால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது: வடித்து, விலை குறைந்த ஆயில் ஊற்றி, ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு மறுபடி வடியுங்கள். பால் காபி நிறம் போகும்வரை இதையே செய்து, கடைசியில் நல்ல ஆயில். டேங்கில் தண்ணீர் போயிருந்தால் பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகத் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் இதற்கு ஒரு பைசாவும் வராது. முழு பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு என்றாலும், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜினை, இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால் ஒழிய, பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் தண்ணீர் எந்த உயரம் நிற்கிறது என்று தெரியும்படி நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுங்கள். பிறகு தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் நியூட்ரலில். கியரில் வைத்துத் தள்ளினால் சக்கரம் இன்ஜினையும் சேர்த்துச் சுற்றும், அதுவும் செல்ஃப் அடித்த மாதிரிதான். ஏற்றிக்கொண்டு போக வருகிற ஆளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.